கரண்ட் போன இரவிலும் பாடுமா? நீண்ட நேரம் உழைக்கும் பாட்டுப் பெட்டியைத் தெரிவுசெய்வது எப்படி?

நானுஓயா டவுனில் எந்த ஃபோன் கடைக்குப் போனாலும் கண்ணாடி அலமாரியில் பாட்டுப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். புளூடூத், எஃப்.எம்., பென் டிரைவ், மெமரி சிப் எல்லாம் ஒரே செட்டில் வந்துவிடும். சிலவற்றில் கலர் லைட்டும் சுழலும். வாங்க வருபவர்கள் முதலில் சத்தத்தைக் கேட்பார்கள், அடுத்து விலையைக் கேட்பார்கள். "எவ்வளவு நேரம் பாடும்?" என்பது மூன்றாவது கேள்வி. அதற்குக் கடைக்காரர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

மலையகத்தில் இந்த மூன்றாவது கேள்வி முதலாவதாக வரவேண்டும் என்பதற்குக் கடந்த சில வருடங்களே போதுமான காரணம். 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே ஒரேயடியாக இருளில் மூழ்கியது. அதே வருடம் நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளை மூடின. வீதியும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் போனது, பல இடங்களில் ஃபோன் சிக்னலும் போனது. அப்படியான நேரத்தில் கையிலிருக்கும் பாட்டுப் பெட்டி வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே குரல் அதிலுள்ள எஃப்.எம். வழியாகத்தான் வரும், அதில் அப்போது சார்ஜ் இருந்தால்.

எனவே, நீண்ட நேரம் பற்றரி நிற்கும் ஒரு செட்டைத் தெரிவுசெய்ய என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. குறிப்பிட்ட எந்த பிராண்டையும் வாங்கச் சொல்வது இதன் நோக்கம் இல்லை.

மூன்று ஆயுள்கள்

"பற்றரி நல்லா நிக்கும்" என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம்.

முதலாவது, ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் எத்தனை மணித்தியாலம் பாடும் என்பது. அட்டைப்பெட்டியில் அச்சிடப்படுவது இது மட்டுமே.

இரண்டாவது, சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் அதில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது. அனர்த்த நேரத்தில் உதவுவது இந்த ஆயுள்.

மூன்றாவது, அந்தப் பற்றரி எத்தனை வருடம் உழைக்கும், அது செத்தபிறகு வேறு பற்றரி போட முடியுமா என்பது. செட்டுக்குக் கொடுத்த காசு வீணா இல்லையா என்பதை முடிவுசெய்வது இதுதான்.

20 மணித்தியாலம் பாடும் செட் ஒன்று அலமாரியில் ஒரே மாதத்தில் காலியாகலாம், ஒன்றரை வருடத்தில் குப்பைக்கும் போகலாம். அட்டைப்பெட்டி இதைச் சொல்லாது.

இந்தக் கேள்வி புதியதில்லை

1949இல் வட ரொடீசியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், மின்சாரமே இல்லாத கிராமங்களுக்கென ஒரு ரேடியோவை உருவாக்கினார்கள். லுசாக்காவில் அரசாங்கத் தகவல் அதிகாரியாக இருந்த ஹரி ஃப்ராங்க்ளின் பல கம்பனிகளைக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் பிரித்தானியாவின் எவர் ரெடி என்ற பற்றரி கம்பனி ஒத்துக்கொண்டது. சட்டி போன்ற வட்டமான அலுமினியப் பெட்டியில் வந்ததால் மக்கள் அதற்கு 'சோஸ்பேன் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்கள். செட்டின் விலை 5 பவுண். சுமார் 300 மணித்தியாலம் உழைக்கும் பற்றரிக்குத் தனியாக 1 பவுண் 5 ஷில்லிங். செட்டின் விலையில் கால்வாசி பற்றரிக்கே போனது. செட் வாங்குவது ஒருமுறைச் செலவு, அதற்குத் தீனி போடுவது தொடர்ச்செலவு என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

நம் நாட்டிலேயே இதைவிடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பிறகு வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை. மக்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி நின்று பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது. சைக்கிள் டைனமோ தருவது வழக்கமாக 6 வோல்ட், 3 வாட். ஒரு சிறிய ரேடியோவுக்கு அது தாராளம். குறைவான மின்சாரத்தில் இயங்கும் செட் என்பதால்தான் அது சாத்தியமானது.

மலையகத்து லயன்களுக்கும் மின்சாரம் பிந்தித்தான் வந்தது. குப்பி லாம்பு எரிந்த காம்பிராக்களில் ரேடியோவை ஓட்டியது பெரிய டோர்ச் பற்றரி. பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்து மறுபடியும் போடும் பழக்கம் பலருக்கு நினைவிருக்கும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பழைய கரிப் பற்றரி ஓய்வெடுக்கும்போது உள்ளே நடக்கும் இரசாயன மாற்றத்தால் சற்று மீளும், சூடு அதற்குக் கொஞ்சம் உதவும். ஆனால், அது சில நிமிடங்களுக்கான கடன் மட்டுமே. இன்றைய லிதியம் பற்றரியை வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால் அது கெட்டுப்போகும், தீப்பற்றவும் கூடும்.

எண்ணை வாசிப்பது எப்படி?

பற்றரியின் மேல் 'எம்.ஏ.எச்.' என்று ஓர் எண் இருக்கும். மில்லி அம்பியர் மணி என்பதன் சுருக்கம் அது. பற்றரியைத் தண்ணீர்த் தாங்கி என்று வைத்துக்கொண்டால் இந்த எண் தாங்கியின் கொள்ளளவு. செட் இழுக்கும் மின்னோட்டம் என்பது திறந்துவிட்ட பைப். கொள்ளளவை இழுவையால் வகுத்தால் மணித்தியாலம் கிடைக்கும்.

உதாரணமாக, பழைய நோக்கியா ஃபோன்களில் இருந்த பீ.எல்.-5சி பற்றரியை இன்றைக்கும் பல சின்ன ரேடியோக்களில் போடுகிறார்கள். அதன் கொள்ளளவு 1,020. ரேடியோ 80 மில்லி அம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 12 மணித்தியாலம் பாடும். இதே கணக்கை 'பென் டோர்ச்' பற்றரி என்று நாம் சொல்லும் டபிள் ஏ பற்றரிக்குப் போடலாம். நல்ல அல்கலைன் பற்றரியில் குறைந்தது 2,000 என்று வையுங்கள். மெதுவான சத்தத்தில் 40 மில்லி அம்பியர் இழுக்கும் ரேடியோவில் 50 மணித்தியாலம் ஓடும். பெரிய டோர்ச் பற்றரியின் அல்கலைன் வகையில் 12,000க்கு மேல் இருக்கும். அதே ரேடியோ 300 மணித்தியாலம் ஓடும். தினமும் மூன்று மணித்தியாலம் கேட்டால் நூறு நாட்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பற்றரியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் செட்டில் வோல்ட் மட்டுமே கூடும், எம்.ஏ.எச். கூடாது. எனவே, இரண்டு போட்டால் 4,000 என்று கணக்குப் போடக்கூடாது. வேறுவேறு வகைப் பற்றரிகளை ஒப்பிட வேண்டுமானால் எம்.ஏ.எச். எண்ணை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள். வருவது வாட் மணி. 3.7 வோல்ட்டில் 1,200 என்றால் அது 4.4 வாட் மணி. உண்மையான சக்தி அதுதான்.

'ஹெவி டியூட்டி' என்று எழுதிய டோர்ச் பற்றரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்தால் அதிகம் உழைக்கும் என்று தோன்றும். ஆனால், அது கரி, துத்தநாக வகை. அல்கலைனைவிடக் கொள்ளளவு குறைவு. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

பற்றரியைத் தின்பது எது?

ஒரே பற்றரியில் ஒரு செட் நாலு மணித்தியாலமும் இன்னொன்று முப்பது மணித்தியாலமும் பாடுவதற்குக் காரணம் ஸ்பீக்கர். மேலே சொன்ன 4.4 வாட் மணிப் பெட்டியை நடுத்தரச் சத்தத்தில் வைத்து, அது ஒரு வாட் இழுக்கிறது என்று கொண்டால் நாலு மணித்தியாலம் பாடும். இஸ்தோப்பிலிருந்து எதிர்லயனுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி அது மூன்று வாட் இழுத்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே மணித்தியாலக் கணக்கில் மிச்சம் கிடைப்பது இதனால்தான்.

இயர்ஃபோனுக்கு அவ்வளவு சக்தி தேவைப்படாது. 2001இல் வந்த முதல் ஐபொட் 10 மணித்தியாலம் பாடும் என்றார்கள். பின்னாளில் வந்த 160 ஜிகாபைட் ஐபொட் கிளாசிக் 36 மணித்தியாலம் என்றது. உள்ளங்கையில் அடங்கும் சோனியின் என்.டபிள்யூ.-ஈ394 பிளேயருக்கு 35 மணித்தியாலம், சான்டிஸ்க் கிளிப் ஜாமுக்கு 18 மணித்தியாலம் என்று கம்பனிகள் சொல்கின்றன. மறுபுறம், 5,000 பழைய பாடல்களை உள்ளே வைத்து 2017இல் இந்தியாவில் வெளிவந்து வீட்டுப் பெரியவர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்ற சரிகம காரவான் பெட்டிக்குச் சொல்லப்பட்டது சுமார் 5 மணித்தியாலம். அது மோசமான செட் என்பதல்ல, ஸ்பீக்கரில் பாடுவதற்கான விலை அது.

கம்பனி சொல்லும் மணித்தியாலத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கும். திரை அணைந்திருக்கும், சத்தம் நடுத்தரம், சாதாரண எம்.பி.3 கோப்பு, புளூடூத் இல்லை, லைட் இல்லை. அந்த நிலையில் எடுத்த அளவு அது. அட்டைப்பெட்டி எண்ணில் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வாங்குவது பாதுகாப்பானது. கலர் லைட்டை அணைக்கத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். அணைக்க முடியாத லைட் இரவு முழுக்க உங்கள் காசைத் தின்னும்.

ஃபோன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. ஆனால், கரண்ட் போன நேரத்தில் ஃபோனுக்கு வேறு வேலை இருக்கிறது. மருத்துவமனைக்குப் பேச, பிள்ளைகளைத் தேட, 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்க அதன் சார்ஜ் வேண்டும். சிக்னல் பலவீனமான இடத்தில் ஃபோன் டவரைத் தேடித் தேடியே பற்றரியை இழக்கும். அப்போது அதை ஃப்ளைட் மோடில் போட்டுவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறப்பது நல்லது. டவர்களும் கரண்ட் போனால் சில மணித்தியாலங்களே தமது பற்றரியில் நிற்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் போய்ச்சேர வேண்டும், அதற்குப் பாதை திறந்திருக்க வேண்டும். டவர் விழுந்தால் யூடியூப்பும் இல்லை, வட்ஸ்அப் செய்தியும் இல்லை.

புதிய ஸ்மார்ட்ஃபோன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே கிடையாது. இருப்பவற்றிலும் இயர்ஃபோன் வயர்தான் ஏரியலாக வேலைசெய்யும் என்பதால் வயர் இல்லாமல் ரேடியோ எடுக்காது. இதற்கு மாறாக, பட்டன் ஃபோன் ஒரு நல்ல பாட்டுப் பெட்டி. திரை சின்னது, மெமரி சிப் போடலாம், பலவற்றில் எஃப்.எம். உண்டு, பற்றரியைக் கையால் கழற்றி மாற்றலாம். பழைய பட்டன் ஃபோன் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு புதுப் பற்றரி போட்டால் புதிய செட் வாங்கும் செலவே மிச்சமாகலாம்.

போலி எண்கள்

பாட்டுப் பெட்டிகளில் அதிகம் காணப்படும் லிதியம் பற்றரி உருளை வடிவானது, பெயர் 18650. விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65 மில்லிமீற்றர் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. உலகின் பெரிய பற்றரிக் கம்பனிகள் செய்யும் 18650இலேயே கொள்ளளவு 3,500 அளவில்தான் நிற்கிறது. எனவே, 9,900 என்று எழுதிய ஒரு 18650ஐக் கண்டால் அந்த எண் பொய் என்று உறுதியாகச் சொல்லலாம். எடையும் காட்டிக்கொடுக்கும். நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சுபோல் இருப்பதை வாங்காதீர்கள்.

பவர் பேங்கில் நடப்பது கொஞ்சம் வேறு. 10,000 என்று எழுதியிருப்பது பொய்யில்லாமலும் இருக்கலாம். ஆனால், அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாறி, வழியில் வீணாவதும் போக, 6,000 முதல் 6,500 வரைதான் உங்கள் செட்டுக்கு வந்துசேரும். இன்னொன்று, சின்ன பிளேயர்கள் இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைவு. செட் எதுவுமே செருகப்படவில்லை என்று எண்ணி சில பவர் பேங்குகள் தானாகவே அணைந்துவிடும். இரண்டையும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் கடையிலேயே செருகிச் சில நிமிடங்கள் பார்த்துவிடுங்கள்.

அலமாரியில் வைத்தால் என்ன ஆகும்?

இரண்டாவது ஆயுள் சுவிட்சில் இருக்கிறது. தள்ளும் சுவிட்ச் உள்ள செட்டை 'ஓஃப்' பக்கம் தள்ளினால் பெரும்பாலும் பற்றரி முழுதாகத் துண்டிக்கப்படும். அழுத்திப் பிடித்து அணைக்கும் செட்டுகள் முழுதாகத் தூங்குவதில்லை. உள்ளே ஒரு சிறு சுற்று விழித்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். வாரக்கணக்கில் அது காலியாகிவிடும். அனர்த்தத்துக்கென வைக்கும் செட்டுக்குத் தள்ளும் சுவிட்ச் நல்லது, அல்லது பற்றரியைக் கழற்றித் தனியாக வைக்கும் வசதி வேண்டும்.

பற்றரி வகைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. நல்ல அல்கலைன் பற்றரியைப் பிரிக்காமல் வைத்தால் பல வருடம் சக்தியை வைத்திருக்கும். சார்ஜ் ஏற்றக்கூடிய பழைய நிக்கல் வகை மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தானாகவே இழக்கும். 2005இல் ஜப்பானின் சான்யோ கம்பனி எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த புதிய நிக்கல் வகை, வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பங்கை வைத்திருக்கும். டபிள் ஏ போடும் ரேடியோவுக்கு இந்த வகையில் நாலும் ஒரு சார்ஜரும் வாங்கினால், இரண்டு ஓடும்போது இரண்டு தயாராக இருக்கும்.

நானுஓயா கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள குளிர் பற்றரிக்கு எதிரியில்லை. கொழும்பின் வெக்கையைவிட இந்தக் குளிரில் லிதியம் பற்றரி மெதுவாகவே முதுமையடையும். இங்கே எதிரி ஈரம். மிஸ்ட் இறங்கும் மாதங்களில் பற்றரி தொடும் தகடுகளில் துரு ஏறும். இறங்கிய பற்றரியை உள்ளேயே விட்டால் அது கசிந்து செட்டையே கெடுக்கும். எனவே, பாவிக்காத செட்டிலிருந்து டோர்ச் பற்றரியைக் கழற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரத்துக்குப் பயந்து அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் செட்டை வைக்க வேண்டாம்.

செத்தபிறகு மாற்ற முடியுமா?

லிதியம் பற்றரி பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கும்வரை நன்றாக உழைக்கும். அதன்பிறகு கொள்ளளவு ஐந்தில் நாலு பங்குக்குக் கீழே போகும். தினமும் சார்ஜ் ஏற்றினால் அது ஒன்று, ஒன்றரை வருடம். பற்றரியை உள்ளே ஒட்டி மூடிய செட்டின் கதை அத்தோடு முடிகிறது.

இது பணக்கார நாடுகளிலும் சண்டைக்குள்ளான விஷயம். 2003இல் நியூயோர்க்கைச் சேர்ந்த நைஸ்டாட் சகோதரர்கள் தங்கள் ஐபொட்டின் பற்றரியை மாற்ற முடியாமல், அதைப் பற்றி ஒரு சிறு படம் எடுத்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஐபொட் பற்றரி தொடர்பான வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. 2023இல் நிறைவேறிய பற்றரி ஒழுங்குவிதியின்படி 2027 பெப்ரவரி 18 முதல் அங்கு விற்கப்படும் சிறு மின்சாதனங்களின் பற்றரியை, சில விதிவிலக்குகள் தவிர, பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

நம் சந்தையில் அந்த உரிமையை நாமேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் செட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மூடி இருக்கிறதா? உள்ளே இருப்பது 18650ஆ, பீ.எல்.-5சியா, டபிள் ஏயா, பெரிய டோர்ச் பற்றரியா? இவை நாலும் சாதாரணக் கடைகளில் கிடைக்கும் வகைகள். மூடியே இல்லாத செட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வாடகைக்கு எடுத்த செட் மாதிரித்தான்.

விலையையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 200 ரூபா வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபா என்று முன்மொழியப்பட்டது. ஒரு செட்டின் விலையை அந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் 'பேர்' விழுந்தால் அது கைக்கு வரும் என்று தெரியும். பிறகு அதே நாட்களை அந்த செட் உழைக்கப்போகும் வருடங்களோடு ஒப்பிடுங்கள். மூன்று நாள் பேரில் வாங்கி ஒன்றரை வருடத்தில் வீசும் செட்டைவிட, ஐந்து நாள் பேரில் வாங்கி பற்றரி மாற்றி மாற்றி ஆறு வருடம் பாவிக்கும் செட் மலிவு.

பற்றரி உப்பியிருந்தால், சூடேறினால், இனிப்பு கலந்த இரசாயன வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். லயனில் ஒரு காம்பிராவில் பிடிக்கும் தீ கூரைவழியே அடுத்ததுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. படுக்கையில், தலையணைக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் ஏற்ற வேண்டாம். பழைய பற்றரி எதையும் அடுப்பில் போடவும் வேண்டாம்.

சோலார், கையால் சுற்றுவது

சோலார் தகடும் கைபிடியும் உள்ள ரேடியோக்களும் சந்தையில் இருக்கின்றன. கைபிடி யோசனையைப் பிரபலப்படுத்தியவர் பிரித்தானியரான ட்ரெவர் பேலிஸ். ஆபிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை 1991இல் பார்த்தபிறகு, பற்றரி வாங்க முடியாதவர்களுக்கும் செய்தி போய்ச்சேர வேண்டும் என்று அதை உருவாக்கினார்.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவின் தலையிலுள்ள சின்னத் தகடு அரை வாட் என்றால், மூன்று மணித்தியால நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட் மணி கிடைக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கு அந்த மூன்று மணித்தியாலமே அரிது. கைபிடியை ஒரு நிமிடம் சுற்றி இரண்டு வாட் கிடைப்பதாக வைத்தால், மெதுவான சத்தத்தில் சில நிமிடங்கள் கேட்கலாம். செய்தி கேட்க அது போதும், பாட்டுக் கேட்கப் போதாது. எனவே, இவற்றைக் கூடுதல் வசதியாக எடுத்துக்கொண்டு, கழற்றும் பற்றரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய அன்று செய்ய வேண்டியவை

எஃப்.எம். அலை பெரும்பாலும் வெளிச்சம் போல நேராகப் போகும், மலை மறைத்தால் நிழல் விழும். டவுன் கடையில் தெளிவாகக் கேட்கும் ஸ்டேஷன் பள்ளத்து லயனில் இரையலாம். மாற்றித்தர ஒத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, அன்றே உங்கள் வீட்டில் தமிழ் ஸ்டேஷன்கள் எடுக்கிறதா என்று பாருங்கள். நீட்டக்கூடிய ஏரியல் உள்ள செட்டுக்கு முன்னுரிமை கொடுங்கள். மத்திய அலையும் இருந்தால் இன்னும் நல்லது, இரவில் அது தூரத்திலிருந்தும் வரும்.

அடுத்து, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் விட்டு, நிற்கும்வரை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செட்டின் உண்மையான எண் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்தால் பற்றரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது இயர்ஃபோன் போடுபவர்கள் ஒரு காதை மட்டுமாவது திறந்து வையுங்கள். குளவி கலைந்தால் பக்கத்து நிரையில் இருப்பவர் கத்துவது கேட்க வேண்டும்.

தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வரும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். டித்வா நேரத்தில் எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவுக்கு, உரிய நேரத்தில் வரவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமும் ஒலிபரப்பு நிறுவனங்களும். நல்ல பற்றரி வாங்கினால் அந்தப் பொறுப்பு நம் தலைக்கு மாறிவிடாது. ஆனால், எச்சரிக்கை தமிழில் வரும் இரவில் லயனில் ஒரு செட்டாவது பாடிக்கொண்டிருக்க வேண்டும். பத்துக் காம்பிரா உள்ள லயனில் எல்லோரும் தனித்தனியாக வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. பெரிய டோர்ச் பற்றரி போடும் ரேடியோ ஒன்று, பிரிக்காத பற்றரி ஒரு ஜோடி, அவற்றை எந்த வீட்டில் வைப்பது என்ற முடிவு. அடுத்த மழைக்கு முன் இந்த மூன்றும் இருந்தால் போதும்.